தட்டு ஏன் இழுத்துப் பாடுகிறது? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில் அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையைக் கேட்பதைப் பற்றி நாலு வரி எழுதினேன், அவ்வளவுதான். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், வன்னியில் இத்தனை பேர் வீட்டில் ஸ்பீக்கர் பெட்டியை வைத்துக்கொண்டு சத்தம் காட்டாமல் இருந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் போட இடமில்லை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி (திருவையாறு, கிளிநொச்சி): ரொறன்ரோவில் இருக்கும் மாமா தன்னுடைய பழைய ரெக்கோர்ட் பிளேயரையும் கொஞ்சம் ஜாஸ் தட்டுகளையும் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். 120 வோல்ட் என்பதால் ட்ரான்ஸ்போமர் வாங்கிப் போட்டேன். சுற்றுகிறது, பாடுகிறது, ஆனால் எல்லாம் இழுத்து இழுத்துக் கேட்கிறது. திருத்துகிறவர் மோட்டர் களைத்துவிட்டது என்றார், பெல்ட்டும் மாற்றினார், காசும் வாங்கினார். அப்படியேதான் இருக்கிறது.

பதில்: தம்பி, மோட்டர் களைக்கவில்லை. கனடாவில் கரண்ட் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 60 துடிப்பு. எங்களுக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்ட்டை மட்டும்தான் இறக்கும், ஹேர்ட்ஸில் கை வைக்காது. பழைய பிளேயர்கள் பலவற்றில் இருக்கும் ஏசி மோட்டர், கரண்டின் துடிப்பை எண்ணித்தான் ஓடும். அங்கே நிமிடத்துக்கு 33⅓ தரம் சுற்றிய தட்டு இங்கே 27.8 தரம்தான் சுற்றும். சுருதி மூன்று அரைச் சுரத்துக்கும் கொஞ்சம் கூடவே கீழே போய்விடும், பாடுகிற பெண் தடிமன் பிடித்த ஆம்பிளை மாதிரிப் பாடுவாள்.

நான் சொல்வதை நம்பவேண்டாம், நீங்களே பாருங்கள். தட்டு வைக்கும் வட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கடதாசித் துண்டை ஒட்டி, ஃபோனில் 3 நிமிடம் வைத்துவிட்டு எண்ணுங்கள். 100 வந்தால் வேகம் சரி. 83 வந்தால் விசயம் இதுதான். பிறகு பிளேயரின் அடியில் ஒட்டியிருக்கிற லேபிளைப் பாருங்கள், சிலதில் 50/60 என்று மாற்ற ஒரு சுவிட்ச் ஒளிந்திருக்கும். இல்லாவிட்டால் மோட்டரின் அச்சில் பெல்ட் ஓடுகிற சின்னக் கப்பியை மாற்றவேண்டும், 50 ஹேர்ட்ஸ் கப்பி ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக இருக்கும். அந்த மொடலுக்கு வெளிநாட்டில் கிடைக்கிறதா என்று மாமாவையே தேடச் சொல்லுங்கள், கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் பழையதைக் காட்டிக் கடைந்து எடுக்கலாம். டீசி மோட்டர் உள்ள பிளேயருக்கு இந்தக் கரைச்சல் எதுவும் இல்லை.

மனம் ஆற ஒன்று சொல்கிறேன். ஜாஸ் உலகமே தலையில் வைத்துக் கொண்டாடுகிற ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ‘கைன்ட் ஒஃப் புளூ’ தட்டுக்கும் இதே வியாதி இருந்தது. 1959 மார்ச் 2 ஆம் தேதி நியூயோர்க்கில் முதல் மூன்று உருப்படிகளையும் பதிவு செய்தபோது டேப் மெசின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் திருப்பிப் போட்டால் சுருதி மேலே ஏறிவிடும்தானே, அப்படியே அச்சடித்து விற்றார்கள். 1992 இல் வந்த பதிப்பில்தான் அதைத் திருத்தினார்கள். முப்பத்து மூன்று வருசம். உங்களுக்கு ஒரு கப்பியோடு முடிகிறது.

அப்புறம், தட்டுகளை யன்னல் பக்கம் வைக்கவேண்டாம், வெயிலில் நிற்கிற வானுக்குள் மறந்தும் விடவேண்டாம். ஒரு மத்தியானம் போதும், அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். என்னுடையது ஒன்று மாங்குளம் சந்தியில் அப்படித்தான் போனது.

கேள்வி (மல்லாவி, ஆசிரியை): நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு ஃபோனில் கேட்டுப் பார்த்தேன். முதலில் ஒரு மெட்டு வருகிறது, சரி. பிறகு ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். எனக்குக் கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரியும், ஆனாலும் பிடிபடவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: ரீச்சர், உங்களுக்குத்தான் இது சுகம். கோயில் திருவிழாவில் இரவு மேளக் கச்சேரி கேட்டு வளர்ந்த காது எங்களுடையது. நாதஸ்வரக்காரர் கீர்த்தனையை வாசிப்பார், பிறகு ஒதுங்கி நிற்பார், இரண்டு தவிலும் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டு எங்கேயோ போகும், ஒருவர் எட்டு ஆவர்த்தனம் அடித்தால் மற்றவர் எட்டு, பிறகு நாலு, பிறகு இரண்டு, ஒன்று, கடைசியில் தீர்மானத்தோடு எல்லாரும் ஒரே இடத்தில் வந்து விழுவார்கள். அந்த இடத்தில் சனம் தலையாட்டுவது தாளம் தெரிந்து மட்டுமல்ல, இவர்கள் எங்கே போனாலும் திரும்பி வருவார்கள் என்கிற நம்பிக்கையில். ஜாஸிலும் முதலில் மெட்டு, பிறகு ஒவ்வொருவராகக் கற்பனை, முடிவில் அதே மெட்டு. இரண்டு பேர் நாலு நாலு பாராக (பார் என்றால் எங்கள் ஆவர்த்தனம் மாதிரி) பங்குபோட்டு வாசிப்பதும் உண்டு, தவில்காரர்களின் பங்கீடுதான்.

வித்தியாசம் எங்கே என்றால், எங்களுக்கு ஆதார சட்சமம் அசையாது. அங்கே கற்பனைக்கு அடியில் கோர்ட் (பல சுரங்களை ஒன்றாகச் சேர்த்து ஒலிப்பது) வரிசை ஒன்று, 12 பார் அல்லது 32 பார் நீளத்தில், செக்கு மாதிரிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைத் தவறவிட்டால்தான் எல்லாம் சந்தைச் சத்தமாகக் கேட்கும்.

ஆகவே நான் சொன்ன அதே ‘கைன்ட் ஒஃப் புளூ’வின் முதல் உருப்படி ‘சோ வட்’டோடு தொடங்குங்கள். அரை நிமிடத்துக்குத் தாளமில்லாமல் பியானோவும், பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியமும் தடவிக்கொண்டிருக்கும். பிறகு போல் சேம்பர்ஸின் பேஸ் ஒரு கேள்வி கேட்கும், மற்றவர்கள் இரண்டே அடியில் பதில் சொல்வார்கள். அந்தச் சுரங்களை ஆர்மோனியத்தில் பிடித்துப் பாருங்கள், கரகரப்பிரியா ராகம். 16 பாருக்கு ஒரே இடம். அடுத்த 8 பாருக்கு அப்படியே அரைச் சுரம் மேலே போகும், சட்சமத்தைத் தூக்கிப் பக்கத்து அறையில் வைத்த மாதிரி. பிறகு 8 பாருக்குப் பழைய இடம். மொத்தம் 32. முதல்முறை கேட்கும்போது மைல்ஸின் ட்ரம்பெட்டையோ ஜோன் கோல்ட்ரேனின் சாக்ஸபோனையோ கவனிக்கவே வேண்டாம், அந்த மேலே போகிற இடமும் இறங்குகிற இடமும் எப்போது வருகிறது என்று விரல் மடித்துப் பாருங்கள். மூன்றாம் நாள் உங்களுக்கே வந்துவிடும். மைல்ஸ், கோல்ட்ரேன், கனன்போல் அடர்லி, பிறகு பியானோவில் பில் எவன்ஸ் என்று வரிசையாக நாலு பேர் அதே கரகரப்பிரியாவை நாலு விதமாகக் கையாள்வது அப்போதுதான் கேட்கும்.

அடுத்தது பியானோக்காரர் டேவ் புரூபெக் குழுவின் ‘டேக் ஃபைவ்’, அதுவும் 1959. ஐந்து எண்ணிக்கை. கண்டசாபு என்று கை தட்டத் தொடங்குவீர்கள், கொஞ்சம் இடறும். எங்களுக்கு இரண்டும் மூன்றும், அவர்களுக்கு மூன்றும் இரண்டும். புரூபெக் அதற்கு முந்தின வருசம்தான் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து வாசித்துவிட்டுப் போனவர், அமெரிக்க அரசு அனுப்பிய பயணம்.

நான் எங்கே தொடங்கினேன் என்றும் கேட்டிருந்தீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கம், கரண்ட் இல்லை, பற்றரி தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோ வயரை ரேடியோவில் கொளுவி, பெடலைக் கையால் சுற்றித்தான் செய்தி கேட்போம். தமிழ்ச் செய்தி தேடி முள்ளைத் திருப்புகிறபோது ஒரு இரவு வொய்ஸ் ஒஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கொனோவரின் ஜாஸ் நிகழ்ச்சி அகப்பட்டது. எனக்குக்கூட விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசுவார், ஆங்கிலம் தெரியாதவர்களை நினைத்தே அப்படிப் பேசியவர். சுற்றுவது என் தம்பி. அவனுக்குக் கை உளைந்தால் சாக்ஸபோன் அப்படியே மங்கி அமர்ந்துவிடும், திட்டினால் திரும்ப எழும்பும். ஒரு உருப்படியைக்கூட முடிவுவரை கேட்ட ஞாபகம் இல்லை.

கேள்வி (பரந்தன்): கடையில் 5000 வோட்ஸ் என்று போட்ட பெட்டி ஒன்று மலிவாக இருக்கிறது. என் நண்பன் 40 வோட்ஸ் அம்ப்ளிபயர் வைத்திருக்கிறான், அதுதான் நல்லது என்கிறான். எப்படி?

பதில்: பெட்டியைத் திருப்பிப் பின்னால் பாருங்கள், எவ்வளவு கரண்ட் எடுக்கும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதில் 60 வோட்ஸ் என்று இருந்தால் உள்ளே போவது 60, வெளியே 5000 எங்கிருந்து வரும், வாய்க்காலில் வராத தண்ணீர் வயலில் நிற்குமா? முன்னால் போட்டிருப்பது பீஎம்பீஓ, விளம்பரக் கணக்கு. வோட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு அது கொஞ்சம். சின்ன அறையில் நிதானமாகக் கேட்கிறபோது ஒன்றிரண்டு வோட்ஸுக்கு மேல் போவதே அரிது. கோயில் ஹோர்ன் சின்ன அம்ப்ளிபயரில் ஊரை எழுப்புகிறதே, அது வோட்ஸால் அல்ல, குழலால். நண்பன் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): வீட்டுத்திட்ட வீடு, சீமெந்துச் சுவர், தகரக் கூரை. நல்ல ஸ்பீக்கர்தான், ஆனால் கிணற்றுக்குள் இருந்து பாடுகிற மாதிரி இருக்கிறது. விலை கூடிய ஸ்பீக்கர் வயர் போட்டால் சரிவரும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 2.5 எம்எம் செப்பு வயர் தாராளம். மிச்சக் காசுக்கு ஒரு மெத்தை வாங்குங்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. அறையின் நடுவில் நின்று ஒருதரம் கை தட்டுங்கள், ‘டங்’ என்று உலோகச் சத்தம் பின்னால் வந்தால் குற்றம் அறையில். எங்கள் வீட்டில் ஒருமுறை காலபோக வெள்ளாமை முடிந்து நாற்பது மூட்டை நெல்லை ஹோலில் அடுக்கியிருந்தோம், மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் என் பெட்டிகள் பாடிய மாதிரி அதற்கு முன்னும் பாடவில்லை, பின்னும் பாடவில்லை. ட்ரம்ஸில் சிம்பலைத் தொட்டால் தொட்ட இடம் தெரிந்தது. பிறகு மில்லுக்கு நெல்லு போனது, கிணறு திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் விளங்கி, பின்சுவரில் பழைய மெத்தையொன்றைச் சீலை போர்த்திச் சாத்தி, நிலத்தில் தடித்த விரிப்புப் போட்டு, பக்கச் சுவரில் புத்தக ராக்கையை வைத்தேன்.

பெட்டிகளை மூலையில் ஒட்டி வைத்திருக்கிறீர்களா? இழுத்து வெளியே வையுங்கள், சுவரிலிருந்து இரண்டடியாவது. மூலைக்குள் இருந்தால் பேஸ், அதாவது தாழ்ந்த சத்தம், வீங்கிவிடும். நீங்கள் இருக்கிற கதிரையும் இரண்டு பெட்டிகளும் மூன்று பக்கமும் சமமான முக்கோணமாக, மேல் ஸ்பீக்கர் காது மட்டத்துக்கு வரவேண்டும். மழைக்கு மருந்தில்லை. கார்த்திகையில் தகரத்தில் மழை விழுகிறபோது செற்றை நிறுத்திவிட்டு மழையைக் கேளுங்கள்.

வீட்டு ஹோல்தானே என்று மனம் தளரவேண்டாம். ஜாஸில் பேர்போன பல பதிவுகளைச் செய்த ருடி வான் கெல்டர் பகலில் கண் பரிசோதிக்கிற வேலை பார்த்தவர். 1959 வரைக்கும் அவருடைய ஸ்டூடியோ, அமெரிக்காவில் ஹெக்கன்சாக் என்கிற ஊரில் அவருடைய தாய் தகப்பன் வீட்டு ஹோல்தான்.

கேள்வி (நெடுங்கேணி): சுவிஸிலிருந்து வந்த பழைய ஸ்பீக்கர்கள். பேஸ் வருகிற இடத்தில் ‘பர்ர்’ என்று கிழிகிறது. எறிந்துவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: எறியவேண்டாம். முன்துணியைக் கழற்றி, பெரிய ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். கேக் மாதிரி உதிர்ந்தால் அது ஃபோம், எங்கள் வெக்கையில் உக்கிவிட்டது. அந்த வளையம் தனியாக விற்கிறார்கள், அளவெடுத்துப் பசை போட்டு ஒட்டலாம், ஒரு பின்னேர வேலை. அடுத்தமுறை வாங்கினால் ரப்பர் வளையம் உள்ளதாகப் பாருங்கள். அம்ப்ளிபயரையும் திறந்து பார்க்கவும், பிளக்கைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து. என்னுடையதற்குள் எறும்பு புற்றே வைத்திருந்தது, பல்லி முட்டையும் இரண்டு.

கேள்வி (துணுக்காய்): சோலார் இன்வேட்டரில் போட்டால் ஸ்பீக்கரில் ‘ங்ங்’ என்று இரைகிறது. மின்னலுக்குப் பயந்து எப்போது நிறுத்துவது?

பதில்: மலிவு இன்வேட்டர் தருகிற கரண்ட் அலை சீராக இல்லை, படிப்படியாக வெட்டியிருக்கும், அந்த இரைச்சல் அதுதான். சுத்தமான சைன் அலை தருகிற இன்வேட்டர் வேண்டும். இரைச்சலை அடக்க எர்த் வயரைக் கழற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள், உயிர் போகும். மின்னலுக்கு சுவிட்சை நிறுத்துவது காணாது, பிளக்கையும் அன்ரனாவையும் இழுத்து விடவேண்டும். தூரத்தில் முழங்கும்போதே இழுங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான், குடும்பத் தலைவி): உங்கள் பக்கத்தை வாசித்துவிட்டு இவர் பின்னேரம் முழுக்க ‘பீப்பீ’ என்று ஒன்றைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். எங்களுக்கும் காது இருக்கிறதுதானே. என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, பிழை என்னுடையது. பாட்டு உள்ள ஜாஸில் தொடங்கச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரல்டும் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ரோங்கும் சேர்ந்து 1956 இல் பாடிய ‘எல்லா அன்ட் லூயி’யைப் போடச் சொல்லுங்கள். ஒன்று தேன், மற்றது கரகரத்த தொண்டை, இரண்டும் அவசரமே இல்லாமல் கதைத்துக்கொள்கிற மாதிரிப் பாடும், ‘பீப்பீ’ பின்னால் அடக்கமாக நிற்கும். அதைக் கேட்டுக்கொண்டே நீங்கள் பின்னேரச் சமையலைப் பார்க்கலாம். இடையில் அவர் வந்து எந்த வருசம், எந்த ஸ்டூடியோ, யார் பியானோ என்று தொடங்கினால், ஒஸ்கார் பீற்றர்சன் என்று நீங்களே சொல்லிவிட்டு அவர் கையில் திருவலையையும் தேங்காயையும் கொடுங்கள்.