திபெத்திலிருந்து வெள்ளிக்கு

அன்புள்ள ஐயா,

வெள்ளிக்கிரகத்து மனிதரைச் சந்தித்ததாகச் சொன்ன அமெரிக்கர் ஜார்ஜ் ஆடம்ஸ்கி பற்றி நீங்கள் எழுதியதில் கேலிதான் தூக்கல். அவர் எடுத்த பறக்கும் தட்டுப் படங்கள் பொய்யாகவே இருக்கட்டும். எல்லா உயிரும் ஒன்று, அண்டம் முழுக்க ஒரே பேரறிவு என்று அவர் போதித்ததில் என்ன தப்பு? நம் சித்தர்கள் சொன்னதும் அதுதானே?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

போதனையில் தப்பே இல்லை. அதை யார் தந்தது என்று அவர் சொன்ன கதையில்தான் எனக்குச் சிக்கல். 1930களில் கலிபோர்னியாவின் லகுனா பீச்சில் 'திபெத்தின் அரச சபை' என்று ஒன்றை நடத்தினார். அப்போது அந்த ஞானம் கீழ்த்திசை குருமார்களுடையது. 1952 நவம்பர் 20 அன்று பாலைவனத்தில் ஆர்தான் என்ற வெள்ளிக்கிரகத்தாரைப் பார்த்தாராம். அதன்பின் அதே ஞானம் விண்வெளிச் சகோதரர்களுடையதாகிவிட்டது. சரக்கு பழசு, விலாசம் புதுசு. அந்த விலாசம்கூட முழுக்கப் புதுசு இல்லை. மகான்கள் வெள்ளியிலிருந்து வந்தவர்கள் என்று நம் அடையாறு பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் எப்போதோ எழுதிவிட்டார்.

சித்தர்களை இழுத்தீர்களே, சிவவாக்கியர் தன் பாட்டுக்கு ஆறு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆடம்ஸ்கி போனார். வேற்றுக்கிரகத்தார் காலடியை அச்செடுக்க பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவும் கையோடு போயிருந்தது!

ஆனால் ஓர் இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை. 1957 டிசம்பரில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் அசல் கடிதத்தாள். 'உங்கள் கூற்றுகளுக்கு எங்களிடம் ஆதாரம் இருக்கிறது, வெளியே சொல்ல முடியாது' என்கிற மாதிரி விஷயம், கீழே ஆர். இ. ஸ்ட்ரெய்த் என்று கையெழுத்து. அப்படி ஓர் ஆளே அந்தத் துறையில் இல்லை. பறக்கும் தட்டு வட்டாரத்தைச் சேர்ந்த கிரே பார்க்கரும் ஜேம்ஸ் மோஸ்லியும் விளையாட்டாக உட்கார்ந்து தட்டச்சு செய்தது. பார்க்கர் 1984-ல் இறந்தபிறகுதான் மோஸ்லி வாயைத் திறந்தார். ஆடம்ஸ்கியோ 1965-லேயே போய்விட்டார். அதுவரை அந்தக் கடிதம்தான் அவருக்குப் பெரிய அத்தாட்சி. ஊருக்கெல்லாம் வெள்ளிக்கிரகத்தாரின் செய்தி சொன்ன மனிதருக்கு, ஒரு குமாஸ்தா கையெழுத்து தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள்.

சரி, போதனைதான் வேண்டுமென்றால் 1936-ல் அந்தத் திபெத் சபையின் பெயரில் அவர் போட்ட கேள்வி-பதில் புத்தகத்தைத் தேடிப் படியுங்கள். அதில் தட்டு கிடையாது.