முதல்ல புல்லு, அப்புறம் மாடு

கேள்வி: வணக்கம் அண்ணே, சாயல்குடி பக்கம் கடலோரத்துல எங்களுக்கு 5 ஏக்கர் மானாவாரி கெடக்கு, ரொம்ப வருசமா சீமைக் கருவேலமா நின்னத போன வருசம் ஜேசிபி வச்சு தூரோட எடுத்தாச்சு. நாட்டு மாடு 10 வாங்கி விட்டா தன்னால மேஞ்சுக்கும்னு அப்பா சொல்றாரு, ஜெர்சி வாங்குன்னு மச்சான் சொல்றாரு. எதக் கேக்குறது?

பதில்: தம்பி, இனத்துல அப்பா சொல்றதுதான் சரி. ஜெர்சிக்கு நம்ம வெயிலும் ஆகாது, காஞ்ச புல்லும் பத்தாது. சிவகங்கை, மதுரை பக்கம் கிடை போடுற புலிக்குளம் மாடு நடந்து மேஞ்சே பழகுனது, அறுப்பு முடிஞ்ச வயல்ல ராத்திரி கிடை போட்டு சாணி, மூத்திரத்துக்காகவே கூலி வாங்குற மாடு. பால் மட்டும் கன்னு குடிச்சது போக வீட்டுக்குத்தான் மிஞ்சும், சொசைட்டிக்கு ஊத்தலாம்னு கணக்குப் போடாதீங்க.

ஆனா 10 மாடு வேண்டாம் தம்பி, மொதல்ல ரெண்டு, மூணு போதும், அதுவும் இந்த வருசம் வேண்டாம். இந்த வருசம் புல்லுக்கு. ஐப்பசி மழைக்கு முன்னாடி கொழுக்கட்டைப் புல் விதைய தூவுங்க, அந்த வருசத்து புது விதை சரியா மொளைக்காது, ஆறு மாசமாவது ஆன விதையா பாத்து வாங்கி மேலாக்க மண்ணு மூடுனா போதும், ஆழமா போனா வராது. கூடவே முயல் மசால்ங்கிற பயறு வகைத் தீவனச் செடியோட விதையையும் வெந்நீர்ல கொஞ்ச நேரம் நனைச்சு, அப்புறம் பச்சைத் தண்ணில ஊற வச்சு கலந்து விடுங்க.

நம்மாளுங்க தப்பு பண்றதே மொத மழைக்கு அப்புறம்தான். பச்சையா தளிர் வந்ததும் மனசு கேக்காம மாட்ட அவுத்து விட்டுர்றோம். அந்தத் தளிர் வேர்ல சேத்து வச்சிருந்தத தின்னுதான் வருது, இலை விரிஞ்சாத்தான் வேருக்கு திரும்ப போகும், அதுக்குள்ள கடிச்சுட்டா தூரே செத்துப்போய் அந்த எடத்துல சீமைக் கருவேலந்தான் வரும். மொத வருசம் விதை உதுருற வரைக்கும் மாட்டு வாயே படக்கூடாது. அடுத்த வருசத்துல இருந்து நிலத்த நாலு துண்டா பிரிச்சு ஒண்ணு மேய மூணு ஓய்வா விடுங்க, ஒரு சாணுக்கு கீழ கடிக்க விடாம அடுத்த துண்டுக்கு மாத்துங்க. ஓரத்துல நிக்கிற உடைமரத்த வெட்டிறாதீங்க, மத்தியானம் மாடு படுக்க நெழல் வேணும்ல.

கேள்வி: சீமைக் கருவேல நெத்து மாட்டுக்கு குடுக்கலாமா? (ஆர்.எஸ். மங்கலம் வாசகி)

பதில்: கொஞ்சமா, மத்த தீவனத்தோட சேத்து குடுக்கலாம்மா. கோடைல வேற ஒண்ணும் இல்லாம அதையே மாசக்கணக்குல தின்னா நரம்பு கெட்டு தாடை தொங்கிப்போகும், நாக்க நீட்டிக்கிட்டு மெல்ல முடியாம மாடு எளைக்கும். முழுசா தின்ன விதை சாணியோட வெளிய வந்து நல்லாவே மொளைக்கும், அதனால காய வச்சு மில்லுல விதையும் நொறுங்குற மாதிரி அரைச்சுக் குடுங்க.