லேப்டாப்பில் படம் பார்க்கும்போது சத்தம் மிகக் குறைவாக இருக்கிறது, எப்படிக் கூட்டுவது?

“பாட்டு நன்றாகக் கேட்கிறது, படத்தில் பேசுவதுதான் கேட்கவில்லை, வால்யூமை நூறில் வைத்தும் பயனில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அந்த வரியிலேயே இருக்கிறது. பாட்டு சரியாகக் கேட்கிறதென்றால் உங்கள் ஸ்பீக்கர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. கடைக்குக் கொண்டுபோகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகு என் லேப்டாப்பில்தான் படம் பார்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்து வால்யூமைக் கூட்டுவதும் குறைப்பதும் என் வேலை. ஒருநாள் அம்மா சொன்னார்: “பேசுறது எதுவும் காதுல விழல, சண்டை வந்தா மட்டும் தலை வலிக்குது.” அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் கோளாறு. வால்யூமைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே ஏறும், இடைவெளி அப்படியே இருக்கும். அதைச் சுருக்கினால்தான் பேச்சு மேலே வரும்.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? நிறையப் படக் கோப்புகளில் ஒலி 5.1 முறையில் இருக்கும். அதாவது ஆறு தனித்தனித் தடங்கள் (சேனல்கள்): முன்னால் இடது, நடு, வலது, பக்கவாட்டில் இரண்டு, ஆழ்ந்த அதிர்வுக்கென்று ஒன்று. ஆட்கள் பேசுவது பெரும்பாலும் அந்த நடுத் தடத்தில்தான். லேப்டாப்பில் நடு ஸ்பீக்கர் கிடையாது. அதனால் பிளேயர் எல்லாவற்றையும் இரண்டுக்குள் கலந்து தருகிறது. வழக்கமான கணக்கு இப்படி: இடது பக்கத்துக்கு, முன் இடது தடம் முழுதாக, நடுத் தடம் 0.707 பங்கு, பக்கவாட்டுத் தடம் இன்னொரு 0.707 பங்கு. மூன்றும் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போனால் கூட்டு 2.414 ஆகிவிடும், ஒலி கரகரக்கும். அது நடக்காமலிருக்கச் சில பிளேயர்கள் மொத்தத்தையும் 2.414 ஆல் வகுத்துவிடுகின்றன. அந்த ஒரு வகுத்தலிலேயே ஏறக்குறைய 7.7 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) போய்விடுகிறது. 10 டெசிபல் குறைந்தால் நம் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்றும். அப்படியானால் இது எவ்வளவு பெரிய வெட்டு என்று பாருங்கள். பாட்டுக் கோப்பு முதலிலிருந்தே இரண்டு தடம்தான், அதற்கு இந்த வெட்டு இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. திரையரங்குக்கு ஒலி கலக்கும் அறையில் ஒவ்வொரு முன் ஸ்பீக்கரும் 85 டெசிபலுக்கு அளவு திருத்தி வைக்கப்பட்டிருக்கும். வெடிச்சத்தம் அதற்கும் மேலே 20 டெசிபல் வரை ஏற இடம் விட்டிருப்பார்கள். அந்த அரங்கின் அமைதியில் கிசுகிசுப்பும் தெளிவாகக் கேட்கும். அதே கலவையை மின்விசிறி ஓடும் அறையில், ஓரிரு வாட் ஸ்பீக்கரில் கேட்டால் கிசுகிசுப்பு அடியில் மூழ்கிப்போகிறது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் உங்கள் கோப்பு 5.1 தானா என்று பாருங்கள். விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரில் படம் ஓடும்போது டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் ஒலித்தட விவரத்தில் சேனல்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அங்கே 3எஃப்2ஆர் (3F2R) என்று போட்டிருந்தால் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று அர்த்தம். ஸ்டீரியோ, அதாவது இரண்டே தடம் என்றிருந்தால் கலவைக் கணக்கில் சிக்கல் இல்லை. 5.1 ஆக இருந்தால், ஆடியோ மெனுவில் ஆடியோ டிராக் பட்டியலைப் பாருங்கள். சில கோப்புகளில் இரண்டாவதாக ஒரு ஸ்டீரியோ தடமும் சேர்ந்தே வரும். அதற்கு மாற்றினாலே சில நேரம் தீர்ந்துவிடும்.

அப்படித் தடம் இல்லையென்றால் விஎல்சியின் கம்ப்ரெசர். என் அம்மாவுக்கு உதவியது இதுதான், அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். கண்ட்ரோல் விசையோடு இ விசையை அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் ஆடியோ எஃபெக்ட்ஸ் பகுதியில் கம்ப்ரெசர் என்ற தாவல் இருக்கும். எனேபிள் என்பதை டிக் செய்துவிட்டு, திரெஷோல்டை மைனஸ் 20க்குக் கொண்டுவாருங்கள். அந்த அளவைத் தாண்டும் ஒலியைத்தான் கம்ப்ரெசர் பிடித்து அமுக்கும். ரேஷியோ எவ்வளவு பலமாக அமுக்குவது என்பதைச் சொல்கிறது. 4இல் தொடங்கி, போதவில்லையென்றால் 8 வரை போங்கள். அட்டாக் 50, ரிலீஸ் 300 மில்லி நொடி வைத்தால் அமுக்கும்போதும் விடும்போதும் ஒலி திடீரென்று குதிக்காது. கடைசியாக மேக்கப் கெயின். பெரிய ஒலியை அமுக்கியதால் மேலே கிடைத்த இடத்துக்கு முழு ஒலியையும் தூக்கிவிடுவது இதுதான். 10 அல்லது 12 டெசிபல் வைத்தால் பேச்சு நன்றாக முன்னால் வரும். பேச்சுக்குப் பின்னால் இரைச்சலும் கூடவே ஏறி இறங்குவதுபோல் கேட்டால் ரேஷியோவைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். அமைக்கும்போது ஒரு மெல்லிய பேச்சுக் காட்சியையும் ஒரு சண்டைக் காட்சியையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். பேச்சை மட்டும் கேட்டு அமைத்தால் சண்டையில் மறுபடி தூக்கிவாரிப்போடும்.

விஎல்சியின் வால்யூம் பட்டை 125 சதவீதம் வரை போகும். விருப்பங்களில் எல்லா அமைப்புகளையும் காட்டச் சொன்னால் இந்த உச்சத்தை உயர்த்தவும் வழி இருக்கிறது. நான் அதைக் கடைசியாகத்தான் தொடுவேன். ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் ஒலியை மேலும் தள்ளினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். குட்டி ஸ்பீக்கரை அப்படியே மணிக்கணக்கில் ஓட்டினால் அது நிரந்தரமாகப் பழுதாகவும் கூடும். பிரவுசரில் ஒலியை 600 சதவீதம் வரை கூட்டும் நீட்சிகளுக்கும் இதே எச்சரிக்கைதான். கரகரப்பு கேட்ட உடனே ஒரு படி இறக்கிவிடுங்கள்.

எந்த பிளேயரிலும், பிரவுசரிலும் வேலை செய்ய வேண்டுமென்றால் விண்டோஸிலேயே லவுட்னஸ் ஈக்வலைசேஷன் என்ற வசதி இருக்கிறது. சவுண்ட் செட்டிங்ஸில் மோர் சவுண்ட் செட்டிங்ஸ், அதில் பிளேபேக் தாவல், அங்கே ஸ்பீக்கரைத் தேர்ந்து புராப்பர்டீஸ், அப்புறம் என்ஹான்ஸ்மென்ட்ஸ். மெல்லியதைத் தூக்கி, பெரியதை அடக்கும் வேலையை இதுவும் செய்யும். சில லேப்டாப்களில் இந்தத் தாவலே இருக்காது. அங்கே தயாரிப்பாளரின் சொந்த ஒலிச் செயலி ஒன்று நிறுவப்பட்டிருக்கும். அதைத் திறந்து டயலாக் அல்லது வாய்ஸ் என்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதே பிளேபேக் தாவலில் கான்ஃபிகர் பொத்தான் வேலை செய்தால் அதையும் சரிபார்த்துவிடுங்கள். ஸ்பீக்கர் அமைப்பு தவறுதலாக 5.1 என்று இருந்தால், இல்லாத நடு ஸ்பீக்கருக்குப் பேச்சு போய்க்கொண்டிருக்கும். இசை அருமையாகக் கேட்கும், பேச்சு மட்டும் காணாமல் போகும். ஸ்டீரியோ என்று மாற்றுங்கள்.

யூடியூபில் பார்த்தால் பல்சக்கர மெனுவில் ஸ்டேபிள் வால்யூம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கட்டணத் தளங்களில் ஒலித் தேர்வில் 5.1 என்று போட்டதும் போடாததும் தனித்தனியாகக் காட்டினால், போடாததைத் தேர்ந்தெடுங்கள்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பாட்டு, படம், அழைப்பு என்று எல்லாமே மெலிந்து கேட்டால் வழி வேறு. விண்டோஸின் வால்யூம் மிக்சரில் ஒவ்வொரு செயலிக்கும் தனி அளவு உண்டு. பொது வால்யூம் நூறில் இருந்தும் பிளேயர் மட்டும் முப்பதில் கிடக்கலாம். மோர் சவுண்ட் செட்டிங்ஸ் பெட்டியில் கம்யூனிகேஷன்ஸ் என்றொரு தாவல் இருக்கிறது. அழைப்பு ஓடும்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி அங்கே அமைந்திருக்கும். அழைப்புச் செயலி பின்னணியில் திறந்தே இருந்தால் அது படத்தையும் அமுக்கலாம். டூ நத்திங் என்று மாற்றிவிடுங்கள். விண்டோஸை அப்டேட் செய்த பிறகுதான் சத்தம் குறைந்தது என்றால், லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான ஆடியோ டிரைவரை இறக்கி நிறுவுங்கள். லினக்ஸ் என்றால் ஒலி அமைப்பில் ஓவர் ஆம்ப்ளிஃபிகேஷன் என்ற பொத்தான் இருக்கலாம், அது நூறைத் தாண்ட விடும்.

ஹெட்போனில் மட்டும் பேச்சு மறைந்து இசை குகைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் பிளக்கை முழுக்க உள்ளே அழுத்திப் பாருங்கள். பாதி நுழைந்த பிளக்கில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான தரைத் தொடர்பு (கிரவுண்ட்) கிடைக்காது. அப்போது இரண்டு பக்கமும் பொதுவாக வரும் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பேச்சு பொதுவாக வருவது, அதனால் அதுதான் முதலில் போகும்.

லேப்டாப்பை எங்கே வைத்துப் பார்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பல மாடல்களில் ஸ்பீக்கர் அடிப்பக்கம் தரையைப் பார்த்து இருக்கும். மெத்தை மேலோ மடியிலோ வைத்தால் துணி அதை அடைத்துவிடும். கெட்டியான மேசைமேல் வைத்தால் ஒலி பட்டுத் திரும்பி வரும், வித்தியாசம் உடனே தெரியும். வலைத்துளையில் தூசி இருந்தால் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ஊசியால் குத்த வேண்டாம், உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிடும்.

அம்மாவுக்காக நான் இப்போது வைத்திருப்பது கம்ப்ரெசர், ரேஷியோ 6, மேக்கப் கெயின் 11, கீழே வசன எழுத்து. வால்யூம் எழுபதைத் தாண்டுவதில்லை. நீங்களும் அந்த எண்களை முயன்று பாருங்கள். சரியாகவில்லையென்றால் சேனல்ஸ் வரியில் என்ன போட்டிருக்கிறது என்பதை மட்டும் கீழே எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.