லண்டன் தூதர் ஆடம்ஸ்: அப்பாவா, மகனா?

லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் அப்பா. தூதரே பின்னாளில் யூனியன் பசிபிக் ரயில்வேக்குத் தலைவரானாரா என்று கேட்டீர்களே, அது மகன். இருவருக்குமே சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் என்றே பெயர், அதனால்தான் தேதிகள் இடிக்கின்றன.

பிறந்த ஆண்டைப் பாருங்கள். 1807 என்றால் அப்பா: 1848-ல், அடிமைமுறை பரவுவதை எதிர்த்த ஃப்ரீ சாயில் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர், 1861 முதல் 1868 வரை லண்டன். 1835 என்றால் மகன், அமெரிக்க உள்நாட்டுப் போரில் குதிரைப்படை. (லண்டனில் அப்பாவுக்குச் செயலாளராக இருந்த ஹென்றி இன்னொரு மகன், வேண்டிய மட்டும் குழப்பும் குடும்பம்.)

அப்புறம், இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில், பிரிந்துபோன அமெரிக்கத் தென்மாநிலங்களுக்காகக் கட்டிய இரண்டு போர்க்கப்பல்களை 1863 செப்டம்பர் 5-ல் அப்பா எழுதிய மிரட்டல் கடிதம்தான் தடுத்தது என்று எழுதிவிடாதீர்கள்; அதற்கு முன்பே பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் ரஸ்ஸல் அவற்றை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டார்.