குரூப்பில் போட்டாச்சு!

கேள்வி: முன்பெல்லாம் ஒரு துக்கம் என்றால் வீடு வீடாக ஆள் வந்து சொல்வார்கள். இப்போது, “குரூப்பில் போட்டாச்சே, நீங்க பார்க்கலையா?” என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். வாட்ஸ்ஆப்பும் ஃபேஸ்புக்கும் மனிதர்கள் பேசிக்கொள்வதையே ஒழித்துவிட்டன என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?
- வாசகர், எடப்பள்ளி

பதில்: பேச்சு எங்கே ஒழிந்தது? குன்னூர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர்கள் தயவில் மூன்று குடும்பத்துச் சொத்துத் தகராறு காதில் விழுந்துவிடும். ஆகவே ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் உங்கள் கேள்வியில் ‘போட்டாச்சு’ என்று ஒன்று இருக்கிறதே, அதை விடுவதாக இல்லை.

அதற்கு முன் அந்த ‘வீடு வீடாக வந்து சொன்ன ஆள்’. ரொம்ப ஏக்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார்? திண்ணையில் உட்கார்ந்தாரா, வாசலுக்கு வெளியே நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாரா? சமவெளிக் கிராமங்களில் இழவு சொல்லும் வேலையை எந்தச் சாதிகளின் தலையில் கட்டியிருந்தோம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தச் சுமையை இறக்கி வைத்த வகையில் செல்போனுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் அந்த மனிதரிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. யார் போனது, எப்போது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்த இடத்தில் - நான்கையும் சொல்லாமல் திரும்ப மாட்டார். வீடு பூட்டிக் கிடந்தால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவார். சேதி போய்ச் சேர்ந்ததா என்பது சொன்னவர் பொறுப்பு. ‘போட்டாச்சு’ வந்த பிறகு அது கேட்கிறவர் பொறுப்பாகிவிட்டது. பார்க்காதது உங்கள் குற்றம்!

போட்டவர் தப்பித்துக்கொள்ள இதில் வசதியும் நிறைய. இருநூறு பேர் உள்ள குரூப்பில் ஒரு செய்தி போட்டால், இருநூறு போனுக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் இரண்டாவது டிக் விழும். இருநூறு பேரும் திறந்து பார்த்தால்தான் அது நீலமாகும். யாரோ ஒருவர் போன் ரிப்பேர் கடையில் கிடக்கும், இன்னொருவர் சிம்மை மாற்றியிருப்பார். ஆகவே அது நீலமாகப் போவதே இல்லை. போட்டவரும் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டார். ஆனால் உங்கள் பதிவை அழுத்திப் பிடித்து ‘தகவல்’ என்பதைத் தட்டினால் யார் படித்தார்கள், யாருக்கு இன்னும் போகவே இல்லை என்று பெயர் பெயராக வரும். நீல டிக்கை அணைத்து வைத்திருக்கும் சாமர்த்தியசாலிகளும் குரூப்பில் மாட்டிக்கொள்வார்கள், அங்கே அந்த அணைப்பு செல்லாது. அந்தப் பட்டியலில் இல்லாதவர்களுக்குப் போன் போடுங்கள். பத்துப் பதினைந்து அழைப்பு, அரை மணி நேர வேலை. அதைத்தான் யாரும் செய்வதில்லை.

அடுத்தது இரங்கல். துக்கச் செய்தி போட்ட ஐந்தாவது நிமிடத்தில் ‘ஆர்ஐபி’ தொடங்கும். அறுபது ஆர்ஐபி, நாற்பது கும்பிடும் கை, நடுவில் செய்தியைப் படிக்காமலே ஒருவர் அனுப்பிய ரோஜாப்பூ குட்மார்னிங், அந்த ரோஜாவுக்கும் கீழே இரண்டு ஆர்ஐபி. எடுக்கும் நேரம் எத்தனை மணி என்று தெரிய வேண்டியவர் இத்தனையையும் தள்ளிக்கொண்டு மேலே ஏற வேண்டும். பாதி வழியில் அலுத்துப்போய் அவரும் ஒரு ஆர்ஐபி போட்டுவிட்டு, “எத்தனை மணிக்கு?” என்று கேட்பார். பதில் சொல்ல நாலு பேர் வருவார்கள். நாலு பேரும் நாலு நேரம்.

இதைவிடப் பெரிய கூத்து ‘நாளை’. “நாளை காலை 11 மணிக்கு நல்லடக்கம்” என்று திங்கட்கிழமை போடுகிறார்கள். அதை ஒருவர் செவ்வாய்க்கிழமை இன்னொரு குரூப்புக்குத் தள்ளுகிறார். தள்ளிய செய்தியில் தள்ளிய நேரம்தான் இருக்கும், முதலில் எழுதிய நேரம் வராது. எனவே அங்கே ‘நாளை’ என்பது புதன். புதன்கிழமை கூடலூர் குரூப்புக்குப் போனால் வியாழன். பாவம், அந்தப் பெரியவரை ஒரு வாரம் முழுக்க ‘நாளை’ எடுத்துக்கொண்டே இருக்கிறோம். சனிக்கிழமை கையில் பூமாலையோடு ஒரு சொந்தக்காரர் வந்து இறங்கினாலும் ஆச்சரியமில்லை. ‘அவசரமாக ரத்தம் தேவை’ என்ற செய்திகள் வருடக்கணக்கில் உயிரோடு இருப்பதும் இதே கணக்கில்தான்.

ஆகவே கிழமையும் தேதியும் எழுதுங்கள். நேரம் மாறினால் பழைய பதிவைத் திருத்தாதீர்கள். திருத்துவதற்கு 15 நிமிடம் இடம் தருகிறார்கள் என்றாலும், திருத்தியதை மணியடித்துச் சொல்வதில்லை. முதலில் படித்தவர் பழைய நேரத்துக்கே போய் நிற்பார். புதிதாக ஒன்று போட்டு, பழையதை எல்லோருக்கும் அழித்துவிடுங்கள். புதியதை 24 மணி நேரத்துக்குக் குரூப்பின் உச்சியில் நிற்கும்படி ‘பின்’ செய்யுங்கள். ஒரு நாள் மட்டும் அட்மின் தவிர யாரும் எழுத முடியாதபடி குரூப்பைப் பூட்டலாம். அது மனசுக்கு ஒப்பவில்லையென்றால், அந்தச் செய்தியையே அழுத்திப் பிடித்துக் கும்பிடும் கையை அதன்மேல் ஒட்டச் சொல்லுங்கள். கும்பிடும் சேரும், செய்தியும் இடம் நகராது.

வாய்ஸ் மெசேஜில் மட்டும் சாவு சொல்லாதீர்கள். இரண்டு நிமிட அழுகைக்குப் பின்னால் நேரத்தைத் தேட வைப்பது கொடுமை. ஆனால் வாய்ஸ் மெசேஜை நான் முழுதாகத் திட்ட மாட்டேன். நம் நீலகிரிப் படுகர்கள் பேசும் படுகு மொழிக்கென்று தனி எழுத்து புழக்கத்தில் இல்லை. தமிழ் எழுத்தில் எழுதினால் அதன் உச்சரிப்பு பாதிதான் வரும். பெங்களூரில் வேலை பார்க்கிற பேத்திக்குக் கோத்தகிரிப் பாட்டியின் படுகு அப்படியே காதில் விழுகிறது என்றால், பேச்சை ஒழித்துவிட்டதாக எப்படிச் சொல்கிறீர்கள்? நேரமும் இடமும் எழுத்தில், ஆறுதல் குரலில். அவ்வளவுதான் என் கட்சி.

மலையில் இன்னொரு சிக்கல் மழை. காற்றோடு மழை பிடித்து மரம் சாய்ந்தால் மின்சாரம் போகும். டவர் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு ஜெனரேட்டர். சாலை அடைபட்டால் ஜெனரேட்டருக்கு டீசல் ஏறாது. டேட்டா செத்து ஒற்றைக் கோடு சிக்னல் மட்டும் நிற்கும் நேரத்தில் எஸ்எம்எஸ் போய்விடும், ‘போட்டாச்சு’ போகாது. தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான் இடம், அதுவும் நம் கணக்கில் இல்லை. ‘துக்கம்’ நமக்கு நான்கு எழுத்து. போனுக்கு ஏழு, புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணும். அதைத் தாண்டினால் துண்டு துண்டாகப் போகும், ஒரு துண்டு மாட்டிக்கொண்டால் முழுச் செய்தியும் வந்து சேராது. ஆகவே பெயர், தேதி, மணி, இடம், முடிந்தது. மண்சரிவு என்றால் முதலில் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, அப்புறம்தான் குரூப்.

மண்சரிவுச் செய்தி எழுதும் அழகையும் சொல்லிவிடுகிறேன். “கல்லட்டியில் ரோடு போச்சு, ஷேர் பண்ணுங்க.” ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. எத்தனாவது வளைவு என்று போட்டால் ஜேசிபி நேராக வந்து நிற்கும். அதை விட்டுவிட்டு வீடியோவுக்குச் சோகப்பாட்டு சேர்க்க நேரம் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது நிஜம். அந்த எண்ணுக்கு முன்னால் ‘இன்று’ என்று சேர்த்துச் சுற்ற விடுவது அயோக்கியத்தனம். இப்படிப்பட்டவற்றை மடக்கத்தான் ஐந்து கை மாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி போட்டு, 2020 ஏப்ரல் முதல் ஒரு தடவைக்கு ஒரே இடத்துக்குத்தான் தள்ளலாம் என்று வைத்தார்கள். நம் ஆட்கள் காப்பி எடுத்துப் புதிதாக ஒட்டுகிறார்கள். அம்புக்குறி போச்சு, செய்தி சொந்தச் சரக்காயிற்று.

ஃபேஸ்புக் என்றதும் இந்தப் பக்கத்தின் பழைய சண்டை ஞாபகம் வருகிறது: ‘ஊட்டியில் ஸ்னோ’. எத்தனை தடவை எழுதினாலும் டிசம்பர் வந்தால் அதே படம், அதே தலைப்பு. ஐயா, ஊட்டியில் வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை சூட்டை இழக்கிறது, புல்மேல் இருக்கும் ஈரம் உறைகிறது. அது உறைபனி. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் காந்தலிலும் தலைக்குந்தாவிலும் வெள்ளையாகக் கிடக்கும்போது மேலே சரிவில் இருப்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. ‘மைனஸ் 3’ என்று ஒருவரும் ‘பிளஸ் 2’ என்று இன்னொருவரும் அடித்துக்கொள்வதற்கும் காரணம் இருக்கிறது. வானிலைக்காரர் தெர்மாமீட்டர் ஆள் மார்பளவு உயரத்தில் பெட்டிக்குள் இருக்கும், புல்மட்டத்தில் அதைவிடச் சில டிகிரி குறையும். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். யாரும் எங்கே அளந்தார்கள் என்று கேட்பதில்லை.

லைக் போடுகிறவர்களுக்கு அந்த வெள்ளை அழகு. தேயிலைக்காரருக்கு அது கருகல், வெயில் பட்ட இரண்டொரு நாளில் கொழுந்து பழுப்பேறிவிடும். படத்தைப் பார்த்து இ-பாஸ் எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து புறப்படுகிறவர்கள் காலை 10 மணிக்குத் தலைக்குந்தாவில் இறங்கி, “ஸ்னோ எங்கண்ணா?” என்று கேட்கிறார்கள். அது 8 மணிக்கே தண்ணீராகி ஓடியிருக்கும். பார்க்கத்தான் வேண்டுமென்றால் முந்தின ராத்திரியே மலைக்கு வந்து தங்கி, சூரியன் மேலே ஏறுவதற்குள் போய் நில்லுங்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் மட்டும் செருப்புக்காலோடு இறங்க வேண்டாம்.