மரண உதவிச் சங்கத்துக்குக் கம்பெனிப் பதிவு தேவையா?

கொட்டாஞ்சேனையில் உங்கள் ஒழுங்கையில் நாற்பது குடும்பங்கள் சேர்ந்த மரண உதவிச் சங்கம். பதிவில்லாததால் வங்கியில் கணக்குத் திறக்கவில்லை, சந்தாப் பணம் பொருளாளரின் சொந்தக் கணக்கில் கிடக்கிறது, யாரோ கம்பெனியாகப் பதியச் சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள்.

கம்பெனி வேண்டாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனி (பங்குகளுக்குப் பதிலாக, கம்பனி கலைந்தால் இவ்வளவு தருவோம் என்று உறுப்பினர்கள் பொறுப்பேற்பது) என்ற வழி உண்டுதான். ஆனால் வருடாவருடம் கணக்காய்வு, அறிக்கை என்று சந்தாப் பணத்தையே அது தின்றுவிடும். ஒரே பிரதேசத்துக்குள் இயங்கும் சிறு அமைப்பைப் பிரதேச செயலகத்திலேயே பதியலாம். உங்களுக்குக் கொழும்பு பிரதேச செயலகம். வெள்ளவத்தை என்றால் திம்பிரிகஸ்யாய. முதலில் உங்கள் கிராம உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். வேண்டிய படிவங்களை அவரிடமே கேட்கலாம்.

யாப்பில், அதாவது சங்கத்தின் விதிகளை எழுதிய ஆவணத்தில்தான் கவனம் வேண்டும். எங்கள் சங்கத்தின் யாப்பைத் திருப்பி அனுப்பினார்கள். சங்கம் கலைந்தால் மிச்சப் பணம் யாருக்கு என்ற பிரிவே அதில் இல்லை. அதைக் கட்டாயம் எழுதுங்கள். காசோலையில் இருவர் கையொப்பம் என்பதையும் சேருங்கள். அப்புறம் ஒரு சீஆர் கொப்பி (கெட்டி அட்டை போட்ட தடித்த கொப்பி) வாங்கிப் பக்கங்களுக்கு இலக்கமிட்டு, பொதுக்கூட்டத்தில் யாப்பை ஏற்ற தீர்மானத்தையும் நிர்வாகிகள் தெரிவையும் எழுதி, வந்த எல்லோரிடமும் கையொப்பம் வாங்குங்கள்.

பதிவு கைக்கு வரும்வரை பொருளாளரின் கணக்கிலுள்ள தொகையை மாதாமாதம் கூட்டத்தில் வாசித்துப் பதியுங்கள். அவருக்கு ஏதும் நடந்தால் வங்கி அந்தப் பணத்தை அவருடையதாகத்தான் பார்க்கும்.