குளிரில் சைக்கிள், மரத்துப்போகும் விரல்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தடித்த கம்பளிக் காலுறைகளை இரண்டு சோடி அணிந்தும், கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வேலைத்தலம் போய்ச் சேர்வதற்குள் என் கால்விரல்கள் மரத்துப்போகின்றன. மூன்றாவது சோடியும் போட்டுப் பார்க்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம்; இரண்டாவது சோடியையும் கழற்றிவிடுங்கள். கம்பளி சூட்டைக் காப்பது அதன் இழைகளுக்கிடையே அடைபட்டிருக்கும் காற்றினால்தான். இறுக்கமான சப்பாத்துக்குள் மேலும் மேலும் துணியைத் திணிக்கும்போது அந்தக் காற்று நசுங்கி வெளியேறுவதுடன், விரல்களுக்குப் போகும் இரத்த ஓட்டமும் குறைகிறது. நடப்பவரின் பாதம் ஒவ்வோர் அடிக்கும் வளைந்து நிமிர்வதால் இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். சைக்கிளில் உழைப்பெல்லாம் தொடைக்குத்தான், விரல்களுக்கு வேலையே இல்லை. சப்பாத்தைக் கட்டிய பிறகு உள்ளே விரல்களை மடக்கி விரிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், குளிர்காலத்துக்கென்று அரை அளவோ ஓர் அளவோ பெரிய சப்பாத்து வாங்கி, அதனுள் ஒரே ஒரு கம்பளிக் காலுறை அணியுங்கள். பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும் என்பதால் அதைக் கோடைக்கு ஒதுக்கிவையுங்கள்.

கேள்வி: வெப்பநிலை −5 பாகை. நடந்து போனால் தாங்க முடிகிற அந்தக் குளிர், சைக்கிளில் ஏறியதும் ஏன் இப்படிக் கடிக்கிறது?

பதில்: கனடாவில் 2001 முதல் பயன்பட்டுவரும் காற்றுக்குளிர்க் கணக்கின்படி, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் −5 பாகை ஏறத்தாழ −12 போல உணரப்படும். இலைகூட அசையாத நாளிலும், அந்த வேகத்தில் ஓட்டுபவர் அந்தக் காற்றைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். இக்கணக்கு மூடப்படாத முகத்தோலுக்கானது என்றாலும், வலைத்துணியால் ஆன ஓட்டச் சப்பாத்து பாதத்தை மூடாததற்குச் சமமே. காற்றுப் புகாத மேலுறையைச் சப்பாத்தின் மேல் அணிவது நல்லது. அது கையில் இல்லாத நாளில், காலுறைக்கும் சப்பாத்துக்கும் இடையே ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டால் அரைமணி நேரப் பயணத்துக்குப் போதும். அதற்கு மேல் போனால் வியர்வை உள்ளேயே தேங்கிவிடும். காற்சட்டைக்கும் காலுறைக்கும் இடையே கணுக்கால் வெளியே தெரியவும் விடாதீர்கள். பாதத்துக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அங்கே தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. மார்பும் வயிறும் குளிர்ந்தால் உடல் முதலில் சுருக்குவது கை, கால் விரல்களுக்கான இரத்தத்தைத்தான் என்பதையும் மனத்தில் வைத்து, மேற்சட்டையிலும் கவனம் செலுத்துங்கள்.

கேள்வி: சப்பாத்தின் அடியிலுள்ள கிளிப்பைப் பூட்டி ஓட்டும் கிளிப் பெடல் பாவிக்கிறேன். பாதத்தின் முன்பகுதியில், ஒரு நாணயத்தின் அளவுக்கு மட்டும் குளிர்கிறது.

பதில்: அந்த இடத்தைச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். என்னிடம் வந்த ஒருவரின் சப்பாத்தில் உள்விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். கிளிப்பைப் பிடித்திருந்த உலோகத் தகடு மூடப்படாமல் கிடந்தது, அதைச் சுற்றிலும் ஈரம் பூத்திருந்தது. பெடலின் குளிர் அந்த உலோகத்தின் வழியாகவே பாதத்துக்கு ஏறுகிறது. தகட்டின் மேல் தடித்த ஒட்டுநாடாவை ஒட்டி, அதற்கு மேல் கம்பளி உள்விரிப்பு ஒன்றை இடுங்கள். கடும் பனி மாதங்களில் மட்டுமாவது பிளாஸ்டிக் தட்டைப் பெடலுக்கு மாறி, சாதாரணப் பனிச் சப்பாத்துடன் ஓட்டுவது இன்னும் மேல் என்பது என் கருத்து.

கேள்வி: வீதியில் உருகிய பனிச்சேறு தெறித்துச் சப்பாத்து நனைந்துவிடுகிறது.

பதில்: தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். உங்கள் பாதத்தை நனைப்பது பெரும்பாலும் முன்சக்கரம்தான். ஆகவே, முன் மட்கார்டின் அடியில் நிலத்துக்குச் சற்று மேலே வரும்படி ஒரு ரப்பர் மடலைத் தொங்கவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்விரிப்பை வெளியே எடுத்து, சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளைத் திணித்துவையுங்கள்.

கேள்வி: சூடேற்றும் சிறு பொதிகளைச் சப்பாத்துக்குள் வைத்தேன், சிறிது நேரத்தில் ஆறிவிட்டன. நீரிழிவு உள்ள என் கணவரும் அவற்றைப் பாவிக்கலாமா? வெளுத்துப்போன விரல்களை ஹீட்டரின் அருகே காட்டலாமா?

பதில்: பொதிக்குள் இருக்கும் இரும்புத் தூள் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேரும்போதுதான் சூடு பிறக்கிறது, காற்றுப் புகாத சப்பாத்துக்குள் அது தணிந்துவிடும். புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்பே பிரித்து, நன்கு சூடேறிய பின், காலுறைக்கு வெளியே வையுங்கள். உங்கள் கணவருக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால், தோல் வெந்தாலும் தெரியாது. வெளுத்த விரல்களை ஹீட்டரில் காட்டுவதும் தேய்ப்பதும் யாருக்குமே ஆபத்து. வழியில் விரல் மரக்கத் தொடங்கும்போதே இறங்கி, சில நிமிடம் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, 37 முதல் 39 பாகை வரையான வெதுவெதுப்பான நீரில் பாதங்களை அமிழ்த்துங்கள். நீரின் சூட்டை மரத்த காலால் அன்றி முழங்கையால் பாருங்கள். நிறம் மீளாவிட்டாலோ, கொப்புளம் எழுந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.